கரைக்கோட்டைத் தாண்டிய புள்ளி

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்த தில்லைநாதன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்தக் கட்டடத்தின் முன்னால் ஆட்டோவை விட்டு இறங்கியதும் மூக்கைச் சுளித்தான். ஒரு காலத்தில் உப்புக் கிடங்காக இருந்ததாம். சுண்ணாம்பு பொரிந்த சுவர்கள். திறக்கவே வராத ஜன்னல்கள். உள்ளே காலை வைத்ததும் ஈரக் காகிதத்தின் வாடை. சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திவந்த வானிலைத் தகவல் மையம் அது. 2009 ஜூன் மாதத்திலிருந்து அதன் ஒரே வானிலை அலுவலர் அவன்.

எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் வாங்கியவன். கூடப் படித்தவர்கள் பெங்களூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் மீன் வாடை அடிக்கிறவர்களோடு போனில் மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்குத் தினமும் எரிச்சல். அந்த எரிச்சலை அவன் மறைத்ததும் இல்லை.

வேலை என்னவோ சுலபம்தான். அரை மணிக்கு ஒருமுறை செயற்கைக்கோள் எடுத்த மேகப் படம் இன்டர்நெட்டில் வரும். கம்ப்யூட்டரில் அதை வரைபடத்தின் மேல் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு படமும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் தள்ளித்தான் வரும். படத்தில் தெரியும் கோடிக்கரை மூக்கையும், பழவேற்காடு ஏரியையும், யாழ்ப்பாணத்தின் தலையையும் பிடித்து, வரைபடத்தின் கரைக்கோட்டோடு மவுஸால் இழுத்துப் பொருத்த வேண்டும். பொருந்தினால்தான் எந்த மேகம் எந்த ஊருக்கு நேரே நிற்கிறது என்று சொல்ல முடியும். ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும்.

தில்லைநாதன் ஒரே வாரத்தில் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டான். ஒரு நாள் பொருத்திய அளவைச் சேமித்து வைத்துக்கொண்டு, வருகிற படத்தையெல்லாம் அதே அளவில் ஒட்டினான். இந்த ஜனங்களுக்கு இது போதும் என்பது அவன் எண்ணம்.

தினமும் காலையில் போன் செய்பவர் செம்பியன். வடக்கே ஒரு குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருந்தவர். ஐம்பது வயதிருக்கும். மையத்தைக் கேட்காமல் கடலில் இறங்கமாட்டார்.

“சார், உங்க படம் தள்ளி நிக்குதுன்னு தோணுது. நேத்து மேகம் ரொம்ப தூரத்துல கெடக்குதுன்னீங்க. எங்க தல மேலயே நின்னுச்சி சார்.”

“நீ எதுவரைக்கும் படிச்ச?”

“அஞ்சாவது சார்.”

“அப்போ நீ வலையப் பாரு. படத்த நான் பாத்துக்கறேன்.”

போனை வைத்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். அன்றிரவு அதை மனைவி சுவேதாவிடம் சொல்லியும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படத்தில் தடித்த வெள்ளை மேகம் ஒன்று வந்தது. அவன் ஒட்டிய ஒட்டில் அது கரையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றது.

“போவலாமா சார்?” என்றார் செம்பியன்.

“போ, போ. ஒண்ணும் இல்ல.”

செம்பியனும் அவர் மச்சான்கள் இரண்டு பேரும் போனார்கள். பத்தரை மணிக்குக் கிழக்கே வானம் கறுத்தது. ஒரு மணி நேரம் அடித்த காற்றில் மஞ்சக்குப்பத்தில்கூட மரக்கிளைகள் முறிந்தன. மற்ற படகுகள் எல்லாம் எப்படியோ கரை சேர்ந்தன. அந்த ஒரு படகு மட்டும் வரவில்லை.

மறுநாள் தில்லைநாதன் முதல் நாள் படத்தை எடுத்து ஒழுங்காகப் பொருத்திப் பார்த்தான். மேகம் நின்றது அறுபதில் அல்ல, இருபத்தைந்தில். செம்பியன் வலை போடும் இடத்துக்கு நேர் மேலே.

நிதானமாக வேலையை முடித்தான். அந்தப் படத்தை அழித்தான். சேமித்து வைத்த அளவையும் அழித்தான். பாண்டிச்சேரியிலிருந்து போனில் விசாரித்த இயக்குநர் தட்சிணாமூர்த்தியிடம், “வேணாம்னுதான் சார் சொன்னேன். குடிச்சிருந்தானுங்க போல. கேக்கல” என்றான். அந்தப் பேச்சு இரண்டே நாளில் குப்பம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாள்தான் அந்தப் புள்ளி தெரிந்தது.

மதியம் இரண்டு மணி. மழை இருட்டு. கரண்ட் போய், யு.பி.எஸ். விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. கடலூருக்கு நேர் கிழக்கே, கடலுக்கு நடுவில், குண்டூசித் தலையளவு ஒரு வெள்ளை. தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் திரையைத் துடைத்தான். போகவில்லை. படத்தை மவுஸால் இழுத்தான். மேகங்கள் நகர்ந்தன. கோடிக்கரை நகர்ந்தது.

புள்ளி நகரவில்லை.

அப்படியானால் வரைபடத்தில்தான் ஏதோ கோளாறு என்று வரைபடத்தை அணைத்தான். புள்ளி இருந்தது. படத்தையும் அணைத்தான்.

வெறும் கறுப்புத் திரையில் அது மட்டும் நின்றது.

இரண்டு கிலோமீட்டரைவிடச் சின்னதாக எதுவும் அந்தப் படத்தில் தெரியவே முடியாது. அவனுக்கு அது நன்றாகத் தெரியும். இது அதைவிடச் சின்னது. ஒரு படகளவு.

“தானமா வந்த டப்பா” என்று கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு அணைத்தான். மறுநாள் போட்டபோது புள்ளி கரைக்கு இன்னும் கிட்டே இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கிட்டே. அறைக்குள் டீசல் நாற்றம் வர ஆரம்பித்தது. டீசலும், நனைந்த நைலான் கயிறும். ஊதுபத்தி கொளுத்தி வைத்தான். நாற்றம் ஊதுபத்தியைத் தின்றுவிட்டது.

எட்டாம் நாள் மதியம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். குடை இல்லை. சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள்.

“நான் செம்பியன் சம்சாரம் சார். ராசம்மா.”

“என்ன வேணும்?”

“எங்க வூட்டுக்காரரு குடிக்கமாட்டாரு சார். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாளு தொட்டதில்ல. குடிச்சிட்டுப் போயி எங்க தம்பிங்களையும் சேத்துக் கொன்னுட்டாருன்னு ஊரே பேசுது. நீங்கதான் சொன்னீங்களாம். ஒரு வார்த்த மாத்திச் சொல்லுங்க சார். அது போதும்.”

“எனக்கு வேற வேலை இல்லையா? கெளம்பு, கெளம்பு.”

அவள் கிளம்பவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது இன்னா சார்?” குரல் தணிந்திருந்தது.

“எது?”

“அந்த வெள்ளையா. நவுருதே.”

தில்லைநாதன் தன் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிகிறது என்று நினைத்திருந்தான். மெல்லத் திரும்பினான்.

புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. எறும்பு ஊர்வது போல, அவசரமே இல்லாமல். கரைக்கோட்டை வந்து தொட்டது.

தாண்டியது.

“எங்க குப்பத்துக்கு வரல” என்று ராசம்மாள் கிசுகிசுத்தாள். “தெக்கால போவுது.”

ஆலப்பாக்கம். புதுச்சத்திரம். பு.முட்லூர். அவன் தினமும் பஸ்ஸில் வருகிற பாதை. ஒவ்வொரு ஊர்ப் பெயரின் மேலும் அது ஏறி, மறைத்து, இறங்கிப் போயிற்று.

சிதம்பரத்தின் மேல் வந்து நின்றது.

அவன் செல்போனைத் தேடினான். மூன்றாம் முறைதான் நம்பர் சரியாக விழுந்தது.

“என்னங்க, நானே கூப்பிடலாம்னு இருந்தேன்” என்றாள் சுவேதா. “உங்களப் பாக்க மூணு பேர் வந்திருக்காங்க.”

“யாரு?”

“சொல்லமாட்டேங்கறாங்க. தண்ணி மட்டும் கேட்டாங்க. குடுத்தேன். திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. ரெண்டு குடம் காலியாயிடுச்சுங்க.” அவள் சமையலறைக்குள் ஒதுங்கியிருக்க வேண்டும். குரல் இறங்கியது. “மூணு பேரும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்காங்க.”

“மழை பெய்யுதில்ல...”

“இங்க மழையே இல்லங்க.”

லைன் கரகரவென்றது. அந்தக் கரகரப்புக்குப் பின்னால் யாரோ மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம்.

தில்லைநாதன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். தங்கப் பதக்கம், பெங்களூர், அஞ்சாவது படித்தவன், எல்லாம் அவனை விட்டுப் போயிருந்தன. “நான்தான்” என்றான் ராசம்மாளைப் பார்த்து. “நான்தான் போன்னு சொன்னேன். படத்த நான் பொருத்தவே இல்ல. அவுரு குடிக்கலம்மா.”

அவள் அசையவில்லை. “என்கிட்ட சொல்லி இன்னா? யார்கிட்ட பொய் சொன்னீங்களோ அவுங்ககிட்ட சொல்லுங்க.”

அவள் எதிரிலேயே மேசை போனில் தட்சிணாமூர்த்தியைக் கூப்பிட்டு, விட்ட இடம் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். அவன் போனை வைத்தபோது திரையில் புள்ளி இல்லை. சிதம்பரம் என்ற எழுத்துகள் சுத்தமாகத் தெரிந்தன.

ராசம்மாள் அவனைத் திட்டவில்லை. கூடையில் கெட்டுப்போன மீனை ஒதுக்கி வைக்கிறவள் பார்ப்பதுபோல் ஒரு தரம் பார்த்தாள். “இதச் சொல்றதுக்கா இத்தினி நாளு?” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

அவன் வீடு போய்ச் சேர்ந்தபோது சுவேதா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மூன்று டம்ளர்கள். அவர்கள் பேசாமல் எழுந்து போய்விட்டார்களாம். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அந்த வாரமே வேலை போயிற்று. இயக்குநர் குப்பத்துக்கு நேரில் போய், செம்பியன் மேல் தவறில்லை என்று ஊர்க்கூட்டத்தில் எழுதிப் படித்தார். தில்லைநாதன் அங்கே போகவில்லை. போகும் தைரியம் அவனுக்கு இல்லை. ஆறு மாதம் கழித்துத் திட்டக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்தது. கடல் வாடையே எட்டாத ஊர் என்பதற்காகவே அதை ஒப்புக்கொண்டான்.

வைகாசியில் ஒரு மாலை, வெயில் இன்னும் தணியாத நேரம், இரண்டு பெட்டிகளோடு அவனும் சுவேதாவும் திட்டக்குடியில் பிடித்திருந்த வாடகை வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். முந்தைய நாளே வந்து குடங்களில் தண்ணீர் பிடித்து வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். பக்கத்து வீட்டு இருசம்மாள் வெளியே வந்தாள்.

“வாங்க சார். உங்க ஆளுங்க மத்தியானமே வந்துட்டாங்களே, மூணு பேரு. பஸ்ஸு இன்னும் வரல, எங்க வூட்டுல உக்காருங்கன்னேன். பரவால்ல, உள்ளயே இருக்கோம்னு சொல்லிட்டாங்க.”

“உள்ளயா? எங்க உள்ள?”

அவள் அவன் வீட்டுக் கதவைக் காட்டினாள்.

பூட்டு, பூட்டினபடியே தொங்கியது. சாவி அவன் கையில் இருந்தது.

உள்ளே யாரோ குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.