சுனை வாய்ல கிடந்த துணி

அந்தத் துணி நனைஞ்சுதான் கிடந்துச்சு, ஆனா சில்லுனு இல்லை, அயர்ன் டேபிள்ல இருந்து அப்பத்தான் எடுத்தாப்புல வெதுவெதுன்னு இருந்துச்சு. வெயில் பட்டிருக்கும்னு நினைச்சுக்கிட்டாரு ரத்தினசாமி. அந்தப் பாறை இடுக்குக்குள்ள வெயில் எறங்க வழியே இல்லைங்கறது அப்ப அவருக்கு உறைக்கலை.

ரெண்டாயிரத்தி ஆறு, மாசி மாசம். திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருந்தவரு, கூட வேலை பாத்த டெய்லர் சோணைமுத்துவை "வாப்பா, ரெண்டு நாள் மலை ஏறிட்டு வரலாம்"னு அவருதான் இழுத்துட்டு வந்தாரு. முதுகுல ஆளுக்கொரு பை. இறங்கையில வழி தப்பிருச்சு. தண்ணியும் தீந்துபோயி, சோணைமுத்து கண்ணு சொருகி, பாறைல சாஞ்சுட்டான். ஊட்ல அவன் சம்சாரம் நிறைமாசம். எப்படியாவது அவனைக் கீழ கொண்டுபோயிச் சேர்க்கோணும்.

பக்கத்துப் பாறை இடுக்குல ஒரு சுனை இருந்துச்சு, அதுல ஒரே பாசி, புழு. பனியன் கம்பெனிக்காரனுக்கு எதுக்கும் வேஸ்ட் துணிதான், வண்டி தொடைக்க, சூடானதைப் பிடிக்க, தண்ணி வடிகட்ட. சுனை வாய்ல குழாயாட்ட, வெளுப்பா, மெத்துனு ஒண்ணு கிடந்துச்சு. நம்மூர்க்காரன் எவனோ போட்டுட்டுப் போன ஜெர்சின்னு நினைச்சு, அலசி, பாட்டில் வாய்ல கட்டி, தண்ணியை மொண்டு வடிகட்டுனாரு.

சோணைமுத்து மடக்கு மடக்குனு குடிச்சான்.

"என்னண்ணே, கறி கழுவுன தண்ணியாட்டம் இருக்கு?"

"கம்முனு குடிப்பா. மலைத்தண்ணி அப்படித்தான்."

அவரும் ஒரு வாய் குடிச்சாரு. கொழகொழன்னு இறங்குச்சு. நாக்குல ஒரு மசுரு. விரலை விட்டு இழுத்தா வந்துக்கிட்டே இருந்துச்சு. பாட்டில் வாய்ல இருந்த துணியை அவுத்துக் கையில எடுத்தாரு.

"மலைக்கு வந்தும் துணியத்தான் பாக்குறீகளா?"ன்னு சிரிச்சான் சோணைமுத்து. அவனுக்குத் தெம்பு வந்துருச்சு.

ஆமா, கை சும்மா இருக்குமா? துணின்னா ரெண்டு கையாலயும் அகட்டி, வெளிச்சத்துல லூப், அதான் நூல் பின்னுன கண்ணி, பாக்கறது அவரு பழக்கம். அகட்டுனாரு.

லூப் இல்லை.

தையலும் இல்லை. பொடிப்பொடியா மசுருக்கால். ஓரத்துல வழவழன்னு மஞ்சக் கொழுப்பு. நடுவுல சின்னதா ஒரு குழி. விரல் உள்ள போச்சு.

தொப்புள்.

குடலே வெளிய வர்றாப்புல வாந்தி எடுத்தாரு. பாதில, பின்னால குரல்.

"உடம்பெல்லாம் அரிக்குதுண்ணே. பனியனக் கழட்டிக்கிறேன்."

திரும்புனாரு. சோணைமுத்துவோட சட்டையும் பனியனும் பாறை மேல கிடந்துச்சு. மடிச்சு வெச்சாப்புல.

அவன் ரெண்டு கையையும் குறுக்க போட்டு, இடுப்புல பிடிச்சு, மேல இழுத்துக்கிட்டு இருந்தான். ஈரச் சத்தம். தொப்புள் நெஞ்சைத் தாண்டிருச்சு. கழுத்து. முகம் மூடிருச்சு.

உள்ள இருந்து நிம்மதியா ஒரு பெருமூச்சு.

"இப்பத்தாண்ணே காத்துப் படுது."