தாழ்ப்பாளைப் பிடித்த புழுதி

"காத்து அடங்கிருச்சு, கிளம்பு!" என்றான் முகாமில் உடனிருந்த ரபீக்.

வள்ளிக்கண்ணு அதற்குள் தலைக்கவசத்தை மாட்டிவிட்டாள். புழுதி அள்ளிவரப் போன அவள் அண்ணன் வைரவன், புயலில் மாட்டிப் பள்ளத்தாக்கில் எங்கோ வண்டியோடு நிற்கிறான். ரேடியோவில் பதில் இல்லை. அவனிடம் இருக்கும் காற்று இருட்டும் வரைதான் தாங்கும். தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கச் செவ்வாய் கிரகம் என்ன காரைக்குடியா?

இன்னொரு வண்டியை விரட்டினார்கள். சக்கரத் தடமெல்லாம் அழிந்திருந்தது. மேடேறி, சரிவில் வழுக்கி, பாறை பாறையாகத் தேடினார்கள்.

"அதோ!" என்று கத்தினாள் வள்ளி.

செம்புழுதி மூடிய மேடு ஒன்று; அதில் ஒரு ஜன்னல்! உள்ளே தலைக்கவசத்தோடு வைரவன் கையாட்டினான். காற்றுமானியைத் தட்டிக் காட்டினான். முள் சிவப்புக்கு வந்திருந்தது.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் இடுக்கெல்லாம் புழுதி அடைத்திருந்தது. ரபீக் பிரஷால் தள்ளினான். தள்ளத் தள்ளத் திரும்பி வந்து அப்பிக்கொண்டது!

"என்ன வள்ளி இது, உதிரவே மாட்டேங்குது?"

வள்ளி குனிந்து பார்த்தாள். புழுதி முடி முடியாகச் சிலிர்த்து நின்றது. இந்த ஊர்க் காற்றில் பறக்கும் புழுதியைக் காந்தம் இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கத்தான் அண்ணன் புறப்பட்டதே! தாழ்ப்பாளுக்கு மேலே துழாவினாள். புழுதி உருண்டைக்குள் உட்கார்ந்திருந்தார் பிள்ளையார். புது வண்டிக்குப் பூஜை போட்ட அன்று அவளே ஒட்டிய காந்தப் பிள்ளையார். வண்டி முழுக்க அலுமினியம்; தாழ்ப்பாளின் இரும்பு மூடியில்தான் அவர் ஒட்டினார்.

"மன்னிச்சுக்கோ சாமி!" என்று பிடுங்கித் தூரமாக வைத்தாள்.

ரபீக் மறுபடி பிரஷைப் போட்டான். இப்போது புழுதி பொலபொலவென்று உதிர்ந்தது. இருவரும் தொங்கி இழுத்தார்கள். கதவு திறந்தது! சரிந்து விழுந்த வைரவனைத் தாங்கிப் பிடித்து, வள்ளி புதுக் காற்று உருளையை மாட்டினாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

முகாமுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லிவிட்டாள். "உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் ஒட்டினேன், அண்ணே."

வைரவன் வெடித்துச் சிரித்தான். "அடிப்பாவி! கதவைத் திறந்து விடுங்கன்னு அவரைத்தானே உள்ளேயிருந்து கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்!"

அந்த முகாமில் இப்போதும் புது வண்டிக்குப் பூஜை உண்டு, பிள்ளையாரும் உண்டு. பசை போட்டு ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான்.