எதையும் எடுப்பதில்லை

வாசனை வந்தது. அதுதான் முதல் கோணல்.

போன குளிர்காலத்துக் காய்ச்சலோடு ஃபெர்கஸ் ட்ரெலோரின் மூக்கு செத்துப்போயிருந்தது. காபி வெறும் வெந்நீரானது. வறுத்த ஆட்டுக்கறி ஈர அட்டையானது. மற்றவர்களுக்கு மூக்கு முகத்தில் ஓர் உறுப்பு, ஃபெர்கஸுக்கு அதுதான் பிழைப்பு. அடிலெய்டில் ஒரு பத்திரிகைக்கு வாராவாரம் ஒயின் பத்தி எழுதுகிறவன். போட்டிகளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நடுவராக நிற்கிறவன். மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. பழைய பத்திகளிலிருந்து 'மழையில் நனைந்த கருங்கல்', 'பூட்டிக்கிடந்த தேவாலயம்' போன்ற வர்ணனைகளை உருவிப் புது பாட்டில்களுக்கு ஒட்டினான். போட்டியில் பக்கத்து நடுவரின் புருவம் உயர்ந்தால் தன் புருவத்தையும் உயர்த்தினான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்களும் அவன் புருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

அடுத்த வாரம் பெரிய போட்டி. இந்த முறை நடுவர்களைத் தனித்தனியே உட்காரவைக்கப் போகிறார்களாம். கேள்விப்பட்டதும், 'திராட்சைத் தோட்டங்களினூடே ஒரு தனிமைப் பயணம்' என்று பத்தியில் கம்பீரமாக அறிவித்துவிட்டு, சைக்கிளில் பைகளைக் கட்டிக்கொண்டு கிளேர் பள்ளத்தாக்குப் பக்கம் ஓடிவந்திருந்தான். நல்ல காற்று பட்டால் மூக்கு திறந்துகொள்ளும் என்று ஒரு நப்பாசை.

ஊரைத் தாண்டி வடக்கே, அறுத்த கோதுமை வயல்களுக்கு நடுவே செம்மண் பாதையில், மார்ச் மாத வெயில் சாயும் நேரத்தில், அது அவனைப் பிடித்தது. புளித்த பழமும், ஈரத்தில் கிடந்த தோலும், அவற்றுக்கு அடியில், நாள்பட்ட காயத்தின் கட்டை அவிழ்க்கும்போது எழுமே ஒரு தித்திப்பு, அதுவும். குமட்டியது. குமட்டியதில் அவனுக்குச் சந்தோஷம் தாங்காமல் கண்ணில் நீர் வந்தது.

வாசனை கொண்டுபோய் விட்ட இடம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பலகை: 'நோஸ்கே ஒயின். எதையும் சேர்ப்பதில்லை. எதையும் எடுப்பதில்லை.' ஃபெர்கஸ் சிரித்துக்கொண்டான். கலங்கலையும் வண்டலையும் அப்படியே பாட்டிலில் அடைக்கிறவர்கள் இப்போதெல்லாம் இப்படித்தான் எழுதிவைக்கிறார்கள். அந்தக் கலங்கலுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன்.

உள்ளே குளிர்ச்சியான இருட்டு. மேசைக்குப் பின்னால் நின்ற லோர்னா நோஸ்கேவுக்கு முழங்கை வரை தோல் ஊதா நிறம்.

"வா கண்ணு, வா. வெயில்ல வெந்துல்ல வந்திருக்கே! சைக்கிளா? எங்களுக்கு சைக்கிள்காரங்கன்னா உசுரு. கார்ல வர்றதுங்க மோந்து பாத்துட்டுப் போயிடும். நீங்கதான் தாகத்தோட வருவீங்க."

அவளுக்குப் பின்னால் அரைச்சுவர். அதற்கு அப்பால் ஒரு சத்தம். ஸ்ஸ்ர்ரூப். கொஞ்சம் விட்டு, களக், களக்.

"அது என்னங்க?"

"தொட்டி. என் தம்பி எர்வின் தோலை அமுக்கிட்டிருக்கான்."

புளிக்கும் சாற்றின்மேல் திராட்சைத் தோல் தடித்த ஆடையாக எழும்பும். கழியால் அமுக்கிவிட வேண்டும். ஃபெர்கஸுக்குத் தெரியாததா? ஆனால் அமுக்கினால் பொதக் என்றுதான் கேட்கும். இது உறிஞ்சுகிற சத்தம்.

லோர்னா தட்டில் பூண்டு போட்ட மெட்வர்ஸ்ட் தொத்திறைச்சித் துண்டுகளை வைத்தாள். மூக்கருகே கொண்டுபோனான். ஒன்றுமில்லை. ஈர அட்டை. அப்போது அவள் ஷிராஸ் சிவப்பு ஒயினை ஊற்றினாள். வாசனை முகத்தில் அறைந்தது.

பழக்கதோஷத்தில் வாயில் உருட்டினான், கன்னத்துக்குக் கன்னம் தள்ளினான், பல்லிடுக்கில் காற்றை இழுத்தான். ஸ்ஸ்ர்ரூப். துப்புவதற்கென்றே மேசைமேல் இருந்த வாளியில் துப்பினான். சுவருக்கு அப்பால் தொட்டி அதையே திருப்பிச் சொன்னது.

"என்ன தெரியுது, சொல்லு பாப்போம்."

இத்தனை மாதம் கழித்து உண்மையாகவே தெரிந்தது. அவன் நிமிர்ந்து, நடுவர் குரலை எடுத்தான். "வியர்வை ஊறின சேணம்." ஷிராஸுக்கு அது பாராட்டு, பதக்கம் வாங்கிய பாட்டில்களுக்கே எழுதியிருக்கிறான். "அப்புறம் ரப்பர். சன்ஸ்கிரீன். கடைசியில… தைலம். மூட்டுவலித் தைலம்."

"எர்வின்! கேட்டியாடா? தைலத்தையும் புடிச்சிட்டாரு!" லோர்னா மேசையைத் தட்டிச் சிரித்தாள். "போன அறுவடைக்கு ஒருத்தர் வந்தாரு கண்ணு, பல்லாரட் ஊரு வாத்தியாரு. முட்டியில அப்பிக்கிட்டு சைக்கிள் மிதிச்சாரு, பாவம். அவருக்கும் உன்ன மாதிரியே நாக்கு. போகவே மனசு வரல."

எர்வின் வந்தான். ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை ஏந்துவதுபோல வாளியை இரு கையாலும் ஏந்திச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோனான். சளசளவென்று ஊற்றும் சத்தம்.

"அதைப் போய்… அதுலயா ஊத்துறாரு?"

"பின்ன? ஈஸ்ட்டை பாக்கெட்ல வாங்குறதுக்கு நாங்க என்ன ஃபேக்டரியா? நல்ல வாய்லேருந்து வந்தாத்தான் நல்லாப் புளிக்கும்."

ஃபெர்கஸின் தொண்டைக்குள் ஏதோ நெருடியது. விரலை விட்டான். முடி. இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. நரைத்த, நீள முடி. அதன் நுனியில் மெத்தென்று, திராட்சைத் தோலைவிடத் தடிப்பாக, ஊதாவாக, ஒரு சிறு துண்டு.

"வடிகட்டுறதில்லப்பா" என்றாள் லோர்னா, கொஞ்சம் பெருமையாகவே.

ஓடினான். வாசலில் வாந்தி எடுத்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட் வரை போனான். அங்கே ஒரு யூக்கலிப்டஸ் மரம். எட்டி ஒரு கொத்து இலையைப் பறித்துக் கசக்கினான். முகர்ந்தான். மூக்கில் திணித்துக்கொண்டு முகர்ந்தான்.

ஒன்றுமில்லை.

செம்மண், வைக்கோல், சட்டையில் வழிந்த சொந்த வாந்தி. எதற்கும் வாசனை இல்லை. அடுத்த வாரம் தனி மேசை. வெள்ளைக் கோட்டு. பார்ப்பதற்குப் புருவமே இல்லாத அறை.

காற்று திரும்பியது. கொட்டகைப் பக்கமிருந்து. காயத்துத் தித்திப்பு. அதற்குள் இப்போது புதிதாக ஒன்று, இளசாக, கூர்மையாக. சற்று முன் துப்பிய அவன் எச்சில்.

சைக்கிள் கையைவிட்டுச் சரிந்தது.

லோர்னா ஒதுங்கி வழி விட்டாள். அரைச்சுவர். ஏணி. எர்வின் கழியை எடுத்து ஓரமாக நின்றான், தேவாலயத்தில் இடம் விடுகிறவனைப்போல.

ஃபெர்கஸ் ஏறினான். எட்டிப் பார்த்தான்.

சாற்றின்மேல் கறுத்த திராட்சைத் தோலாடை. மேலே எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது. எர்வின் கழியை ஊன்றாமலே நடுவில் பிளந்தது.

முகம். ஊறி உப்பிய, ஊதா முகம். தாடைக்கடியில் ஹெல்மெட் வார், சதைக்குள் பதிந்து. கண்ணிருந்த இடத்தில் திராட்சை விதைகள். வாய் மட்டும் உயிரோடு.

வாய் திறந்தது. சாறு உள்ளே போனது. ஸ்ஸ்ர்ரூப். கன்னத்துக்குக் கன்னம் தள்ளியது. களக். களக். நிதானமாக. ரசித்து. பழகிய நடுவரைப்போல.

பக்கத்தில் இன்னொரு வாய் மேலே வந்தது. அதற்கப்பால் இன்னொன்று.

நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி.

முதல் வாய் குவிந்தது. துப்பியது. சிவப்பாக, நுரையாக, வெதுவெதுப்பாக, ஏணிக்கு நேரே.

ஃபெர்கஸின் நாக்கில் எச்சில் ஊறியது.