செலீனா முழந்தாளிட மாட்டாள்

மரப்பொம்மையின் தலை வாசற்பக்கம் திரும்பியிருந்தது. காலையில் அது கடலைப் பார்த்தபடி நின்றதை அன்ரோனெற் தன் கண்ணாலேயே கண்டவள்.

"லோறன்ஸ் அண்ணை, உதின்ர தலையை ஆர் திருப்பினது?"

"ஒருத்தரும் தொடேல்லைப் பிள்ளை." அவளுடைய விஞ்ஞானத் திகில் நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கிற இயக்குநர் அவர். "அதை விடும். கடைசிக் காட்சியை மாத்தினீரா? வேற்றுக்கிரகத்தானுக்கு முன்னால செலீனா முழந்தாளிடவேணும். அப்பதான் சனம் பாக்கும்."

"என்ர அஞ்சு புத்தகத்திலயும் அவள் ஒருத்தனுக்கும் முழந்தாளிடேல்லை. உங்கட டிவிக்காக இடுவாளோ? நடக்காது!"

லோறன்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு படப்பிடிப்பு ஆட்களோடு வெளியே சாப்பிடப் போனார்.

பேசாலைக் கரையில் படப்பிடிப்புக்கு எடுத்திருந்த பழைய கருவாட்டு வாடிக்குள் அவள் தனித்தாள். தகரக் கூரை வெயிலில் படபடக்க, கருவாடும் புதுப் பெயின்றும் கலந்த வாடை தொண்டைக்குள் இறங்க, மேடையில் ஆறடி உயரமாய் நின்றது வேற்றுக்கிரகத்தான் பொம்மை. பாஸ்கு நாடகத்தில் ஆண்டவரின் உருவத்தைக் கயிறு கட்டி ஆட்டுகிற ஊர் ஆட்கள்தான் இதையும் செய்தார்கள். மேடைக்குக் கீழிருந்து இழுத்தால் தலை திரும்பும், கை எழும்பும். அவள் குனிந்து பார்த்தாள். கீழே ஒருவரும் இல்லை. ஆனால் கயிறுகள் இறுகி நின்றன.

கிறீச்.

தலை அவள் பக்கம் திரும்பியது. கை எழும்பியது. விரல் நிலத்தைக் காட்டியது.

முழந்தாளிடு.

அவள் யன்னலால் பார்த்தாள். வெளியே, கொதிக்கும் மணலில், லோறன்ஸ் முழந்தாளில். கமராக்காரர் முழந்தாளில். எல்லாரும். ஒரு கையில் சோற்றுத் தட்டு, மற்றக் கைவிரல் நிலத்தைக் காட்டியபடி.

"ஐயோ ஆண்டவரே!"

பயத்தை மிஞ்சிக் கோபம் வந்தது. சண்டைக்காலத்தில் குப்பி விளக்கில் அவள் எழுதி வளர்த்த நாயகி செலீனா. துவக்கோடு வந்தவனுக்கே குனியாதவள். இந்தப் பலகைக்குக் குனியவோ?

"மாட்டன்! நாசமறுவானே, அவையளை விடடா!"

மூலையில் மீன் வெட்டும் கத்தி. எடுத்தாள். ஒரு கயிற்றை அறுத்தாள். இன்னொன்று. எல்லாம்.

வெளியே தட்டுகள் விழுந்தன.

லோறன்ஸ் மணலில் சரிந்தார். கமராக்காரரும். எல்லாரும். கயிறறுந்த பொம்மைகள் மாதிரிக் கைகால் மடங்கி, கண் திறந்தபடி, வாய்க்குள் சோற்றோடு. ஒருவரும் அசையவில்லை.

பொம்மை விழவில்லை.

அறுந்த கயிறுகளை இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து ஒரு காலை இறக்கியது. அன்ரோனெற் கத்தியை இறுக்கிப் பிடித்தாள். நிமிர்ந்தே நின்றாள்.

அது மற்றக் காலையும் இறக்கியது.