பொன்வண்டின் கண்கள்

விளக்குப் போடாத சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த இளைய மருமகள் திரும்பிப் பார்த்தபோது, அவளுடைய கருவிழியின் நடுவே பழுப்பும் பொன்னுமாக ஏதோ மின்னியதை மூத்தவள் கண்டாள். அத்தனை நெடியிலும் அந்தக் கண்கள் கலங்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அந்தக் கண் பேச்சுதான். "தங்கத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கே!" என்று மாமியார் வியந்தார். பொன்வண்டு என்று பெயரும் வைத்தார். மூத்தவளின் கணவன்கூடச் சாப்பிட உட்கார்ந்ததும், "நம்ம பொன்வண்டு எங்கே?" என்றான். கட்டியவளின் கண்ணை அவன் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

வெளிச்சம் கூசுகிறது என்று பொன்வண்டு சொன்னதால் மூத்தவள்தான் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். பரிசோதித்து முடித்து, பொன்வண்டை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மருத்துவர் குரலைத் தாழ்த்தினார்.

"கருவிழிப் படலத்துல செம்பு படிஞ்சிருக்கும்மா. கோளாறு கண்ணுல இல்ல, ரத்தத்துல. புற்றுநோயா இருக்கலாம். உடனே ரத்தப் பரிசோதனை செய்யணும். அவங்க பயந்துடாம நீங்களே பக்குவமா சொல்லுங்க."

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?" வெளியே வந்ததும் பொன்வண்டு கேட்டாள்.

மூத்தவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்து இருக்கைப் பெண், "என்ன அழகான கண்ணு! கூட வந்தவங்க யாரு, வேலைக்காரம்மாவா?" என்றாள்.

"ஒண்ணுமில்லையாம். வா, போகலாம்."

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாட்கள் போயின. பொன்வண்டு இளைத்தாள். எலும்பெல்லாம் குடைகிறது என்றாள். அவள் படுத்தெழுந்த தலையணையில் களிம்பேறிய செம்புப் பாத்திரத்தின் வாடை அடித்தது. பொன்நிறம் மட்டும் விழி முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. "மெலிஞ்சதும் கண்ணு இன்னும் எடுப்பா இருக்கு" என்றார் மாமியார். மூத்தவள் அன்றும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் கூடத்தில் இருவர் மட்டும்.

"அக்கா, எனக்கு எதுவும் தெரியல. சுவரு, ஜன்னல், என் கைகூட."

"நான்?"

"நீங்க மட்டும் பளிச்சுன்னு தெரியறீங்க. உள்ள வரைக்கும்."

மூத்தவள் எழுந்தாள். அந்த முகமும் கூடவே திரும்பியது. படுக்கையறைக்குள் ஓடினாள். தாழிட்டாள். பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கினாள். மூச்சை அடக்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது.

"பீரோ பின்னால என்னக்கா பண்றீங்க?"

குரலில் கோபமே இல்லை.

சொல்லிவிட வாயைத் திறந்தாள். நாக்கில் செம்பு கசந்தது.

வெள்ளைச் சுவரில், அவள் முகத்துக்கு நேராக, இரண்டு பொன் வட்டங்கள் மெல்லக் கசிந்து வந்தன.

இமைக்கவில்லை.