சிவப்புத் துணி கட்டிய சைக்கிள்

எனக்குச் சைக்கிளில் ஏறத் தெரியும், ஓட்டத் தெரியும். இறங்கத்தான் தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்கா கல்லூரிக்குப் போனதும் அவளுடைய பழைய சைக்கிள் எனக்கு வந்தது. அதுதான் என் முதல் சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அதனால் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, எங்கள் வீட்டு வாசல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத்தான் இறங்குவேன். கம்பம் இல்லாத இடத்துக்கெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

"என்னடி, இன்னைக்கும் சைக்கிளுக்குத் துணையா நடந்து போறியா?" என்று அக்கா கேலி செய்வாள்.

அந்தச் சனிக்கிழமை மதியமும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு பம்பு மாமாவின் சைக்கிள் கடைக்குப் போனேன். மாமாவின் உண்மையான பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. எந்நேரமும் காற்றடிக்கும் பம்பும் கையுமாக இருப்பதால் அந்தப் பெயர். அவருக்கு ஒரு முழங்கால் மடங்காது. எந்தச் சைக்கிளையும் சரி செய்துவிடுவார், ஆனால் எதிலும் ஏறி ஓட்டமாட்டார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடியாத சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைப்பார். துணி இருந்தால் வண்டியைத் தொடக் கூடாது. துணி இல்லை என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். மாமா எதிரில் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொண்டு போகலாம். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அதுதான் கொடுமை.

நான் போனபோது மாமா உள்ளே மட்கார்டு ஒன்றை டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்தார். நானே காற்றடித்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் என் சைக்கிளின் மட்கார்டு முழுக்கச் சேறு. துடைக்க ஒரு துணி வேண்டும். எதிரே, எங்கள் தெருத் தையல்கார அத்தையின் சைக்கிளில் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

'ஒரே நிமிஷம்தானே. துடைச்சுட்டுத் திரும்பக் கட்டிடலாம்' என்று நினைத்தேன்.

துணியை அவிழ்த்துக்கொண்டு, என் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு கடையின் பக்கவாட்டில் இருந்த குழாயடிக்குப் போனேன். மட்கார்டைத் துடைத்தேன். அது பளபளத்தது. அதைப் பார்த்ததும் கம்பிகளையும் துடைக்க ஆசை வந்தது. ஒரு கம்பி, இரண்டு கம்பி என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷம் எப்போது பத்து நிமிஷம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

கிணிங் என்று ஒரு மணிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தையல்கார அத்தை சைக்கிளில் தெருக்கோடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பின்சீட்டில் கட்டிய சின்ன நாற்காலியில் அவருடைய மூன்று வயதுப் பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு, சைக்கிளோடு கடை வாசலுக்கு ஓடினேன்.

உள்ளேயிருந்து மாமா வெளியே வந்தார். அவர் கையில் நட்டுக்கு அடியில் போடும் ஒரு சின்ன வாஷர் இருந்தது.

"தையல்காரம்மா வண்டி எங்கே?"

"எடு... எடுத்துட்டுப் போயிட்டாங்க மாமா."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ! முன் சக்கரத்தைக் கழட்டிப் பஞ்சர் ஒட்டினேன். நட்டைக் கையாலதான் திருகி வச்சிருக்கேன், ஸ்பேனரே போடலை! சக்கரம் எப்ப வேணா கழண்டுக்கும்!"

தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "துணி கட்டினேனே? கட்டலையா? மறந்துட்டேனா?"

துணி என் முதுகுக்குப் பின்னால், என் கைக்குள் சுருண்டு கிடந்தது. 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமல் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் போனாங்க?"

கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம் தெருமுனை திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு செங்குத்தான இறக்கம். இறக்கத்தின் அடியில் லாரிகள் போகும் பெரிய சாலை.

மாமா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஓட ஆரம்பித்தார். நான்கு எட்டு போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. இப்படிப் போனால் பொழுது விடிந்துவிடும். தெருவில் வேறு யாரும் இல்லை. ஓடுகிற நிலையில் இருந்த ஒரே சைக்கிள் என்னுடையதுதான்.

துணியைப் பைக்குள் திணித்தேன். கடைப் படியில் ஏறி நின்று, அங்கிருந்து சைக்கிளில் ஏறி மிதித்தேன். மாமாவைத் தாண்டும்போது, "ஏய், பார்த்துப் போ!" என்று அவர் கத்தியது கேட்டது.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். கை வியர்த்து வழுக்கியது. போகிற வழியில் எங்கள் வீட்டுக் கம்பம் மாதிரி ஒரு கம்பம்கூட இல்லை. அப்படியே இருந்தாலும் நிற்கவா முடியும்?

தெருமுனை திரும்பியதும் அத்தை தெரிந்தார். பாப்பா பின்னால் இருப்பதால் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். ஆனால் இறக்கம் ஆரம்பிக்க இன்னும் முப்பதடிகூட இல்லை. முன் சக்கரம் இடமும் வலமும் ஆடுவது எனக்கே தெரிந்தது. பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

'அத்தை, சக்கரம் கழலுது!' என்று கத்தத்தான் முதலில் நினைத்தேன். வாய்வரை வந்துவிட்டது. கத்தினால் அத்தை பதறிப்போவார். சட்டென்று பிரேக் பிடிப்பார், ஹேண்டில்பாரை ஒடிப்பார். சக்கரம் அங்கேயே கழன்றுகொண்டால் பாப்பா என்ன ஆவாள்? பதறாமல் நிற்க வைக்க வேண்டும். என்ன சொன்னால் மெதுவாக நிற்பார்?

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை சாதாரணமான குரலில் கூப்பிட்டேன்.

"அத்தை! பாப்பாவோட செருப்பு ஒண்ணு விழுந்திருச்சு!"

"அட, மறுபடியுமா? இவளோட இதே வேலைதான்!" என்று அலுத்துக்கொண்ட அத்தை, மெல்ல மெல்லப் பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி நின்றார். அந்த இடத்திலிருந்து இறக்கத்துக்கு நாலடிதான் இருக்கும்.

அப்பாடா என்று இருந்தது. ஆனால் என் கதை அதோடு முடியவில்லை. அவர் நின்றுவிட்டார். எனக்குத்தான் நிற்கத் தெரியாதே!

"அத்தை, வண்டியை ஓட்டாதீங்க! தொடவே தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவர்களைத் தாண்டி இறக்கத்தில் பாய்ந்தேன்.

காற்று காதை அடைத்தது. கீழே பெரிய சாலையில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. இரண்டு பிரேக்கையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். சைக்கிள் கிறீச்சென்று கத்தியது. நானும் கத்தினேன். யார் அதிகமாகக் கத்தினோம் என்று சொல்ல முடியாது. பாதி இறக்கத்தில், வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல் கண்ணில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் சைக்கிளை விட்டேன்.

எழுந்து உட்கார்ந்தபோது காதிலும் மூக்கிலும் மணல். முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

சைக்கிளை இழுத்துக்கொண்டு மேலே வந்தேன். அத்தை பாப்பாவின் கால்களைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு செருப்பும் காலிலேயே இருக்கே! என்னடி விளையாட்டு இது?"

"அத்தை... முன் சக்கரத்துல நட்டு முறுக்கலை."

அதற்குள் பம்பு மாமாவும் வந்து சேர்ந்துவிட்டார். குனிந்து ஹேண்டில்பாரை மெதுவாகத் தூக்கினார். முன் சக்கரம் தானாகக் கழன்று விழுந்து, இரண்டு சுற்று உருண்டு சாய்ந்தது.

அத்தை பாப்பாவை இறுக அணைத்துக்கொண்டார். பிறகு அவருக்குக் கோபம் பொங்கியது.

"பிள்ளையைப் பின்னாடி வச்சுக்கிட்டு இந்த இறக்கத்துல இறங்க இருந்தேன்! துணி இல்லையேன்னுதானே வண்டியை எடுத்தேன்?"

"கட்ட மறந்துட்டேன் போல இருக்கும்மா" என்றார் மாமா. "என் தப்புதான்."

"மறந்துட்டேன்னு சொன்னா ஆச்சா? இனிமே உங்க கடையில யாரு நம்பி வண்டியை விடுவாங்க?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

இறக்கத்தில் வந்ததைவிட எனக்கு இப்போதுதான் அதிகப் பயம். துணியை நான் எடுத்தது யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நான்தான் பாப்பாவைக் காப்பாற்றிய கெட்டிக்காரி. ஆனால் மாமா தன் கைகளையே மறுபடியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினேன்.

"மாமா மறக்கலை. அவர் கட்டிதான் வச்சிருந்தார். என் சைக்கிளைத் துடைக்கிறதுக்காக நான்தான் அவிழ்த்தேன்."

மாமா அப்படியே தெருவோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கட்டினேனா? நான் கட்டினேனா?" என்று கேட்டார். "இருபது வருஷத்துல ஒரு தடவைகூட மறந்ததில்லையேன்னு பார்த்தேன்!"

அத்தை என் பக்கம் திரும்பினார். "உனக்கு அறிவு இருக்கா?"

"இருக்கு அத்தை" என்றேன் தேம்பிக்கொண்டே. "துணியை எடுக்கும்போதுதான் இல்லை."

அத்தை என்னையே உற்றுப் பார்த்தார். அறை விழப்போகிறது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் என் முழங்கையைத் திருப்பிச் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஸ்பேனரைக் கொண்டாங்க. நான் வண்டியைப் பிடிச்சுக்கிறேன், நீங்க முறுக்குங்க" என்றார். பிறகு பாப்பாவை என்னிடம் நீட்டினார். "இந்தா, இவளை நீ வச்சுக்கோ. ரெண்டு கையாலயும் பிடி."

பாப்பா மணல் ஒட்டிய என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நல்ல கனம். இரண்டு நட்டையும் மாமா முறுக்கி முடிக்கும்வரை நான் அவளைக் கீழே விடவே இல்லை.