பாத்தியில் மிதந்த தோட்டா

போன் அடித்தது.

"பழைய காலித் தோட்டாவுக்கெல்லாம் வெல சொல்றது நீதானாம்மா? மரக்காணத்துலேர்ந்து தெய்வநாயகி பேசறேன். எங்க வூட்டுக்காரர் சேத்து வெச்சுட்டுப் போனது ஒரு பெட்டி இருக்குது."

ஜெயப்ரியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

தெய்வநாயகி... கலியபெருமாளின் மனைவி. அவர்கள் உப்பளத்துக்கு அடுத்த பாத்தியில்தான் அப்பா இருசப்பன் நெஞ்சில் குண்டு பாய்ந்து கிடந்தார். பக்கத்தில் அவருடைய துப்பாக்கி.

தற்கொலை என்றது போலீஸ்.

ஆனால் துப்பாக்கிக்குள் காலித் தோட்டா இல்லை. செத்த மனுஷன் எழுந்து, துப்பாக்கியை மடக்கித் திறந்து, அதை எடுத்து எறிவானா?

அன்றிலிருந்து அந்த ஒன்றைத் தேடி அவள் காலித் தோட்டா பொறுக்குகிறாள். ஊர் அதைத் தொழில் என்று நினைத்துக்கொண்டது.

மத்தியான வெயிலில் மரக்காணத்து உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. வரப்பில் நடக்கும்போது பின்னால் யாரோ உப்பு வாருகிற சத்தம்...

திரும்பினாள்.

யாருமில்லை.

தெய்வநாயகி பெட்டியைத் திறந்து வைத்தாள். ஜெயப்ரியா ஒரு தோட்டாக் கூட்டை எடுத்துக் காட்டினாள்.

"இது அட்டைக் கூடு. வெள்ளைக்காரன் காலத்துது. பித்தளை அடியில கம்பெனி எழுத்து தேயாம இருக்குது பாருங்க. நல்ல வெல வரும்."

"இது?"

"ஈரம் பட்டு உப்பிப் போச்சு. பாதிதான் கெடைக்கும்."

அடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கூடு. பழசே இல்லை. காசு பெறாது. பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அடிப்பக்கத்து நடுக் குமிழில், துப்பாக்கி ஊசி குத்திய இடத்தில், பாதி நிலா போல ஒரு பள்ளம்.

வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அப்பாவின் துப்பாக்கியில் ஊசி முனை உடைந்திருந்தது. அது அடித்தால் இப்படித்தான் விழும்.

"உங்க வூட்டுக்காரர்தான் எங்கப்பாவ சுட்டாரா?"

"அவரா? கை ரெண்டும் விளங்காம அவரு படுத்தது அதுக்கு முந்தின வருஷம்மா."

"அப்ப யாரு?"

"வூட்ல வேற யாரு இருந்தா?"

ஜெயப்ரியா கூட்டைத் தரையில் வைத்தாள்.

"வாய்க்கால் தண்ணி வுட மாட்டேன்னாரு உங்கப்பா. துப்பாக்கிய வரப்புல வெச்சுட்டு மடைய அடைக்கக் குனிஞ்சாரு. மெரட்டத்தான் எடுத்தேன், அவரு நிமிந்து திரும்பினாரு... வெடிச்சிருச்சு. பதட்டத்துல மடக்கினேன், கூடு தெறிச்சு வந்துச்சு. பாத்தித் தண்ணில எறிஞ்சேன். மறுநாள் எங்க கரையில மிதக்குது. திரும்ப எறிஞ்சேன். திரும்ப வந்துச்சு. கடைசில இந்தப் பெட்டில போட்டு மூடிட்டேன்."

தெய்வநாயகியின் கண்கள் ஜன்னலுக்கு வெளியே போயின.

"தெனமும் மத்தியானம் அந்தாண்ட உப்பு வார்ற சத்தம். தூங்கி வருஷக்கணக்காச்சு. வர்ற வழியில உனக்கும் கேட்டுச்சில்ல?"

ஜெயப்ரியா போனை எடுத்து போலீஸ் ஸ்டேஷன் நம்பரைத் தட்டினாள்.

தெய்வநாயகி தடுக்கவில்லை. சிவப்புக் கூட்டை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"எடுத்துக்கிட்டுப் போயிடும்மா. இதுக்கு என்னா வெல போடுவ?"

"மத்ததெல்லாம் நல்ல வெலைக்குப் போவும்மா. இது மட்டும் கோர்ட்டுக்குப் போவும்... கூடவே நீங்களும்."